ரொட்டிக் கடை வாசலும் பட்டறை வாசலும்
பிரெஞ்சுப் புரட்சியில் பாரிஸ் நகரத்து எளியோர்
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம்)



பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிப் பேச வருகிறவர் எவரும் மன்னர் பதினாறாம் லூயியிடத்திலோ, மிராபோ, தாந்தோன், ரோபெஸ்பியர் முதலிய நாவன்மை மிக்க தலைவர்களிடத்திலோ தொடங்குவது வழக்கம். அந்த வழக்கத்தை நான் இன்று பின்பற்றவில்லை. அத்தலைவர்கள் சபையிலே பேசிக்கொண்டிருந்த காலத்தில், சபைக்கு வெளியே ஈட்டிகளோடும் பீரங்கிகளோடும் வந்து நின்று, எந்தப் பேச்சு சட்டமாக வேண்டும் என்பதை ஒருமுறைக்குப் பலமுறை தீர்மானித்தவர்களான பாரிஸ் நகரத்துத் தச்சர்கள், பூட்டுத் தொழிலாளர்கள், செருப்புத் தைப்போர், சலவைப் பெண்கள், சில்லறைக் கடைக்காரர்கள் ஆகியோரே இன்றைய விஷயம். மேன்மக்கள் அணியும் முழங்கால்வரையிலான காற்சட்டையை விடுத்து, உழைப்பாளிகளுக்குரிய நீண்ட காற்சட்டை அணிந்தமையால் அவர்களுக்கு ‘சான்குலோத்’ என்ற பெயர் வழங்கிற்று.

அவர்களைப் பற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இரண்டு சித்திரங்கள் நிலவின. வரலாற்றாசிரியர்களில் மிஷலே போன்றோர் அவர்களை ‘மக்கள்’ என்ற ஒரே திருவுருவாக்கிப் போற்றினர். தேய்ன் போன்றோர் குடிகாரரும் கொலைஞருமான கும்பல் என்று தூற்றினர். இரு சாராரும் அவர்களுடைய பெயரையோ தொழிலையோ கேட்டறிந்து எழுதினாரில்லை. காவல் நிலையக் குறிப்புகளையும் வட்டாரச் சபைகளின் நடவடிக்கைப் புத்தகங்களையும் புரட்டி அவர்களை ஆள் ஆளாக அடையாளம் கண்டது பிற்காலத்தவரின் உழைப்பு. ஆல்பேர் சொபூல் 1958-லும் ஜார்ஜ் ரூடே 1959-லும் வெளியிட்ட நூல்களுக்குப் பிறகு, பழைய இரு சித்திரங்களையும் நாம் அப்படியே வைத்துக்கொள்வதற்கு இல்லை.

நான் நிலைநாட்ட விரும்பும் கருத்து ஒன்றே. பாரிஸ் உழைப்பாளிகளை ஒன்று சேர்த்தது அவர்கள் வாங்கித் தின்ற ரொட்டியே. அவர்களைப் பிரித்து வைத்தது அவர்கள் செய்த தொழில். பண்டம் வாங்குவோர் என்ற முறையில் ஒரே குரலில் பேசிய அவர்கள், கூலி கொடுப்போரும் கூலி பெறுவோருமாகிய முறையில் ஒரே குரலில் பேச இயலாதவர்களாயிருந்தனர். அவர்களுடைய வெற்றி, வீழ்ச்சி ஆகிய இரண்டும் இந்த ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை என்பது என் அபிப்பிராயம்.

1. இவர்கள் யார்?

புரட்சிக் காலத்துப் பாரிஸின் ஜனத்தொகை ஏறக்குறைய 6 லட்சம். அந்நகரில் நூற்றுக்கணக்கான ஆட்களை ஒரே கூரையின்கீழ் வைத்து வேலை வாங்கிய ஆலைகள் ஒரு சிலவே. மேசை நாற்காலி செய்வோர் மிகுந்த சேந்த் அந்துவான் புறநகரிலே, சந்துக்குச் சந்து பட்டறை. பட்டறைக்கு ஒரு முதலாளி, அவரிடம் நாலைந்து ஆட்கள். முதலாளியும் உளி பிடித்தவர். ஆளும் என்றாவது ஒருநாள் தனக்கென்று ஒரு பட்டறை வைக்கலாம் என்று நம்பியிருந்தவர். அவர்கள் பெரும்பாலும் ஒரே வீட்டு மாடிப்படி ஏறி, ஒரே மதுக்கடையில் அமர்ந்து, ஒரே கடையில் ரொட்டி வாங்கினர்.

1789 ஜூலை 14 அன்று பாஸ்டில் கோட்டையைப் பிடித்தவர்களென்று பதிவு பெற்ற 662 பெயர்கள் அடங்கிய ஒரு பட்டியல் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதிலே தச்சரும், பூட்டுத் தொழிலாளரும், செருப்புத் தைப்போரும் முன் நிற்கின்றனர். நாடோடிகள், திருடர்கள் என்று தூற்றப்பட்டவர்களை அங்கே தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அதே பட்டியலில் சாந்தேர் என்ற செல்வம் மிக்க பீர் வடிப்பாளரும் இருக்கிறார். மூன்றாண்டுகளுக்குப் பின் பாரிஸின் தேசியக் காவற்படைக்கே அவர் தலைமை வகித்தார். 1793–94-இல் வட்டாரங்களின் புரட்சிக் குழுக்களில் அங்கம் வகித்தவருள் 454 பேரின் தொழிலைச் சொபூல் ஆராய்ந்து பார்த்தார். அவர்களில் மூவரில் இருவருக்கு அண்மையான தொகையினர் கைவினைஞரும் கடைக்காரரும் ஆவர். கூலியாட்களையும் வீட்டுப் பணியாளரையும் சேர்த்து எண்ணினாலும் நூற்றுக்குப் பத்துப் பேர் தேறவில்லை.

இங்கே ஒருவரை நெருங்கிப் பார்ப்போம். ரோபெஸ்பியர் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளர் மோரிஸ் துப்ளே. ‘தச்சர் வீட்டிலே குடியிருந்த தலைவர்’ என்று நூல்களில் படிக்கிறபோது, சீவுளியும் மரத்தூளுமாக ஓர் ஏழைக் குடிசையை நாம் கற்பனை செய்துகொள்ளுகிறோம். துப்ளே தச்சர்தான்; ஐயமில்லை. ஆனால் அவர் பல வீடுகளுக்குச் சொந்தக்காரர். வாடகையாகவே ஆண்டுக்குப் பதினாயிரம் லிவருக்குமேல் வாங்கியவர். வேலையாள் எவனையும் தம் உணவு மேசையில் உட்காரவைத்தவர் அல்லர் என்று அவர் மகளே பிற்காலத்தில் பெருமையோடு சொல்லியிருக்கிறாள். இத்தகையவரும் அவரிடம் கூலி பெற்ற ஆளும் ஒரே அணியிலே, புரட்சியின் சின்னமான ஒரே சிவப்புத் தொப்பியோடு நின்றார்கள் என்பதே நாம் விளக்கவேண்டிய புதிர்.

2. ரொட்டியின் விலை

அக்காலத்துப் பாரிஸ்வாசிக்கு ரொட்டி என்பது நம்முடைய அரிசிச் சோறு. நாலு ராத்தல் ரொட்டி ஒன்று எட்டு ஒன்பது சூ (லிவரின் சில்லறைக் காசு) விற்ற காலத்திலேயே சாதாரணக் கூலியாளின் வருமானத்தில் பாதி அதற்குச் செலவாயிற்று. 1788-ஆம் ஆண்டு விளைச்சல் பொய்த்துப்போக, 1789 பிப்ரவரியில் அதே ரொட்டி பதினான்கரை சூவுக்கு ஏறி, பாஸ்டில் வீழ்ந்த ஜூலை மாதம் வரையில் இறங்காமல் நின்றது. சாதாரணக் கூலியோ நாளொன்றுக்கு இருபதிலிருந்து முப்பது சூ. வாடகையும் விறகும் மதுவும் துணியும் எங்கேயிருந்து வரும்?

அந்த ஏப்ரலில் ரெவெயோன் என்ற சுவர்க்காகித ஆலை முதலாளி, தேர்தல் கூட்டமொன்றிலே, ரொட்டி விலை குறைந்தால் கூலியையும் குறைக்கலாம் என்ற பொருள்பட ஏதோ பேசினார். அவர் பேச்சு தெருவுக்கு வந்து சேர்ந்தபோது முற்பாதி உதிர்ந்து பிற்பாதி மட்டும் நின்றது. 27, 28 தேதிகளில் புறநகர் பொங்கியெழுந்து அவர் மாளிகையைச் சூறையாடியது. படையினர் சுட்டதில் பலர் மாண்டனர். மேலோட்டமாகப் பார்த்தால் இது கூலிக் கலகம். ஆனால் கலகத்தில் இறங்கியவர்கள் ரெவெயோனிடம் வேலை செய்தவர்களல்லர். நகரின் பல பட்டறைகளிலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் ஆத்திரத்தின் அடியில் கிடந்தது பதினான்கரை சூ ரொட்டி.

அதே ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி, பெண்கள் மழையில் நனைந்துகொண்டு வெர்சாய் அரண்மனைக்கு நடந்து சென்று, மறுநாள் மன்னரையே குடும்பத்தோடு பாரிஸுக்கு அழைத்துவந்த சம்பவம் எல்லோரும் அறிந்தது, அதை விரிக்கவில்லை. அதிகம் பேசப்படாத இன்னொரு நாளைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1793 பிப்ரவரி 25. மேற்கிந்தியத் தீவான சேன் தொமேங்கில் அடிமைகள் கிளர்ந்தெழுந்ததால் சர்க்கரை வரத்து அருகியிருந்தது. காகிதப் பணமான அசிஞாவின் மதிப்போ நாளுக்கு நாள் சரிந்துகொண்டிருந்தது. முந்தின நாள் சலவைப் பெண்கள் அப்போதைய சட்டமன்றமான தேசிய மகாசபைக்கு வந்து, சோப்பு வாங்க முடியாமல் தங்கள் தொழிலே நின்றுபோகும் என்று முறையிட்டு, தக்க விடை பெறாமல் திரும்பியிருந்தனர். மறுநாட்காலையில் மளிகைக் கடைகளுக்குள் ஜனங்கள் புகுந்தனர். புகுந்தவர்கள் பெரும்பாலும் கொள்ளையடிக்கவில்லை. சர்க்கரைக்கு இன்ன விலை, சோப்புக்கு இன்ன விலை, மெழுகுவத்திக்கு இன்ன விலை என்று தாங்களே நிர்ணயித்து, தராசில் நிறுக்கச் செய்து, அந்த விலையைக் கடைக்காரர் கையிலே எண்ணிக் கொடுத்துவிட்டுச் சரக்கை எடுத்துச் சென்றார்கள். திருட்டு என்று அதைச் சொல்ல நமக்கு மனம் வராது. வியாபாரம் என்று சொல்லக் கடைக்காரருக்கு மனம் வராது. பண்டத்தின் நியாய விலையை அதைத் தேவைப்படுகிற சமூகமே சொல்லவேண்டும் என்ற தொன்மையான நம்பிக்கை அங்கே செயலாயிற்று.

இதைக் கேள்வியுற்ற ரோபெஸ்பியர் அன்று தீவிரப் புரட்சியாளரின் ஜக்கோபின் சங்கத்திலே, ஜனங்கள் எழவேண்டியது சர்க்கரை சேகரிப்பதற்காக அல்ல, கொடியவர்களை வீழ்த்துவதற்காக என்று கடிந்து பேசினார். சுதந்திரத்தின் காவலராகப் போற்றப்பட்ட அவருக்குச் சோப்பின் விலை அரசியலாகத் தோன்றவில்லை. கிராவிலியே வட்டாரத்தைச் சேர்ந்த ஜாக் ரூ என்ற பாதிரியாருக்குத் தோன்றிற்று. ஏழை எளியோர் நெருங்கி வாழ்ந்த சந்துகளிலே பணி செய்த அவர், அவ்வாண்டு ஜூன் 25-ஆம் தேதி மகாசபைக்குள் சென்று, ஒரு வகுப்பார் இன்னொரு வகுப்பாரைப் பட்டினி போட முடிகிற வரையில் சுதந்திரமும் சமத்துவமும் வெறும் பிரமை என்ற கருத்தை அச்சமின்றி எடுத்துரைத்தார். சபை அவரைக் கூச்சலிட்டு வெளியேற்றியது. சில மாதங்களில் சிறைப்பட்ட அவர், 1794 பிப்ரவரியில் தம்மையே குத்திக்கொண்டு மாண்டார்.

3. வட்டாரச் சபை

பசி மட்டுமே புரட்சியை நடத்திவிடுவதில்லை. பசித்தவர்கள் கூடிப் பேச ஓர் இடம் வேண்டும். அந்த இடம் வட்டாரச் சபை. 1790-இல் தேர்தல் வசதிக்காகப் பாரிஸ் 48 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. மூன்று நாட்கூலிக்கு ஈடான வரி செலுத்துவோருக்கே வாக்குரிமை என்றும், ஏனையோர் வாக்கில்லாக் குடிகள் என்றும் சட்டம் வகுத்திருந்தது. 1792 கோடையிலே, போரும் தோல்வியும் மன்னர்மீது சந்தேகமும் சூழ்ந்திருந்த வேளையில், வட்டாரச் சபைகள் ஒவ்வொன்றாக இந்த வேலியைப் பிடுங்கி எறிந்து, வாக்கில்லாதவரையும் உள்ளே அழைத்துக்கொண்டன. ஜூலை இறுதியில் மொக்கொன்செய் வட்டாரம் லூயியை இனி மன்னராக ஏற்பதில்லை என்று பிரகடனம் செய்தது. ஆகஸ்டு 10 அன்று வட்டாரங்களின் ஆட்களும் மார்செய் முதலிய ஊர்களிலிருந்து வந்திருந்த தொண்டர் படையினரும் துய்லெரி அரண்மனையைத் தாக்கிப் பிடித்தனர், முடியாட்சி முடிவுற்றது. அடுத்த மாதமே சிறைச்சாலைகளில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் விசாரணை என்ற பெயரளவுச் சடங்கோடு வெட்டி வீழ்த்தப்பட்டதையும் நாம் மறைப்பதற்கில்லை. எளியோர் செய்தது என்பதற்காகக் கொலை கொலையல்லாமல் போய்விடாது.

பெரும்பாலும் மாதாகோயிலிலோ, பறிமுதலான மடத்திலோ மாலை வேளையில் இச்சபை கூடும். பட்டறையைப் பூட்டிவிட்டு நேரே வந்தவர்கள் விசிப்பலகைகளில் அமர்ந்திருப்பார்கள். யாரும் எழுந்து பேசலாம். வாக்கு இரகசியமாக அல்ல, கைதூக்கியோ எழுந்து நின்றோ எல்லோர் கண்ணெதிரிலும் அளிக்கப்பட்டது. மரியாதைப் பன்மையை விடுத்து எல்லோரையும் ஒருமையிலேயே விளிக்கவேண்டும் என்று மகாசபைக்கு மனுச் செய்தவர்களும் இவர்களே. பிரதிநிதி என்பவன் ஜனங்களின் எஜமானன் அல்லன், எந்த நேரத்திலும் திருப்பியழைக்கத்தக்க ஏவலாள் என்பது அவர்கள் உறுதியாகக் கொண்ட கொள்கை. 1793 மே 31 முதல் ஜூன் 2 வரையில் அவர்கள் மகாசபையைப் பீரங்கிகளோடு வளைத்து, மிதவாத அணியினரான 29 ஜிரோந்தினப் பிரதிநிதிகளைக் கைது செய்வித்தது அந்தக் கொள்கையின் கூரிய முனை. தேர்ந்தெடுக்கப்பட்ட சபையைத் தெரு வளைத்துக்கொள்ளுவது ஜனநாயகமா என்று கேட்டால், அல்ல என்று நான் சொல்லுவேன். ஆனால் வாக்கை ஒருமுறை அளித்துவிட்டு அப்புறம் வாயை மூடிக்கொண்டிருப்பது மட்டும்தான் ஜனநாயகமா என்று அவர்கள் நம்மைத் திருப்பிக் கேட்பார்கள்.

இந்தச் சபைகளை அடக்கியது எதிரியின் வாளைவிட நண்பரின் சம்பளம் என்பது சுவையான விஷயம். 1793 செப்டம்பரில் வட்டாரக் கூட்டங்கள் வாரத்துக்கு இரண்டாகக் குறைக்கப்பட்டன. ஈடாக, கூட்டத்துக்கு வரும் ஏழைகளுக்குத் தலைக்கு 40 சூ படி ஏற்பட்டது. சுதந்திர மனிதனுக்குக் கூலி கொடுத்துக் கடமை செய்விப்பது அவமானம் என்று வார்லே என்ற இளைஞர் எதிர்த்துப் பார்த்தார், பலிக்கவில்லை. புரட்சிக் குழு அங்கத்தினர்க்கு நாளொன்றுக்கு முதலில் 3 லிவரும் பின்னர் 5 லிவரும் தரப்பட்டது. வட்டாரத்தின் சுறுசுறுப்பான ஆட்கள் இவ்வாறு அரசாங்கத்தின் ஊழியராயினர். 1794 மார்ச்சில் அவர்களுக்குப் பிரியமான பத்திரிகாசிரியர் எபேரின் தலை வீழ்ந்தபோது, அவர்களிற் பலர் அரசாங்கத்துக்கு வாழ்த்துத் தீர்மானம் அனுப்பிவிட்டு மௌனமாயிருந்தனர்.

4. உச்சவரம்பின் இரண்டு பாதிகள்

என் கருத்தின் மையத்துக்கு இப்போது வருகிறேன். 1793 செப்டம்பர் 4, 5 தேதிகளில் பாரிஸ் ஜனங்கள் மகாசபைக்குத் திரண்டு சென்று ரொட்டி கேட்டதன் பயனாக, அம்மாதம் 29-ஆம் தேதி பொது உச்சவரம்புச் சட்டம் பிறந்தது. இறைச்சி, வெண்ணெய், எண்ணெய், மது, விறகு, மெழுகுவத்தி, உப்பு, சோப்பு, சர்க்கரை, புகையிலை, காலணி என்று அன்றாடத் தேவைகள் பலவற்றுக்கும், பெரும்பாலும் 1790-ஆம் ஆண்டு விலையோடு மூன்றிலொரு பங்கு கூட்டி வரம்பு கட்டினார்கள். பிப்ரவரியில் மளிகைக் கடையிலே ஜனங்கள் வாயால் சொன்ன விலை, செப்டம்பரில் நாட்டின் சட்டமாயிற்று. சான்குலோத்துகள் அடைந்த வெற்றிகளில் இதனினும் பெரியது வேறில்லை.

அதே சட்டத்துக்கு இன்னொரு பாதி உண்டு. கூலிக்கும் அது வரம்பு கட்டிற்று: 1790-ஆம் ஆண்டுக் கூலியோடு பாதி கூட்டியது உச்சம். போருக்கு ஆள் சென்றதால் வேலையாட்கள் குறைந்து, பாரிஸில் நடப்புக் கூலி அந்த வரம்பையும் தாண்டி உயர்ந்திருந்தது. விலைவரம்பு வேண்டும் என்று ஒரே தொண்டையால் கூவிய பட்டறை முதலாளியும் ஆளும், கூலிவரம்பு என்ற சொல்லைக் கேட்டதும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். 1791 வசந்தத்தில் தச்சு ஆட்கள் கூடி நாட்கூலி 50 சூ கேட்டதும், அதற்கு விடையாக ஜூன் 14-இல் லெ ஷாப்பலியேயின் சட்டம் தொழிலாளர் சங்கங்களையும் வேலைநிறுத்தத்தையும் தடை செய்ததும், சபையிலிருந்த தீவிரக் கருத்தினர், ரோபெஸ்பியர் உட்பட, எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லாததும் பழைய கதை. ஆனால் வட்டாரங்கள் அதிகாரத்தின் உச்சியிலிருந்த 1793-இலும் அந்தச் சட்டத்தை நீக்குவது அவர்களுடைய பெருங் கோரிக்கைகளில் ஒன்றாக எழவில்லை. எப்படி எழும்? சபையில் நாற்காலியில் அமர்ந்திருந்தவர் பட்டறை முதலாளி.

அங்காடிப் பெண்களும் இந்த உடைப்பை வேறொரு பக்கத்திலிருந்து காட்டினார்கள். விலைவரம்பையும் கடுமையான கண்காணிப்பையும் வற்புறுத்திய பெண்களின் புரட்சிக் குடியரசுச் சங்கத்தாரோடு, மத்திய அங்காடியில் மீனும் காய்கறியும் விற்ற பெண்கள் தெருவிலே கைகலந்தனர். சிவப்புத் தொப்பியைப் பற்றிய சச்சரவு என்று வெளியில் சொல்லிக்கொண்டாலும், விற்கிற பெண்ணுக்கும் வாங்குகிற பெண்ணுக்கும் இடையே உச்சவரம்பு குறுக்கே நின்றது. இச்சண்டையைச் சாக்காகக் கொண்டு மகாசபை அக்டோபர் 30-இல் பெண்களின் சங்கங்களையே மூடிவிட்டது.

கூலிவரம்பைப் பாரிஸ் நகரசபை பல மாதம் கண்டும் காணாமலும் விட்டிருந்தது. எபேரின் கூட்டத்தார் ஒழிந்து ரோபெஸ்பியரின் ஆட்கள் நகரசபையை ஏற்ற பிறகு, 1794 ஜூலை 23-ஆம் தேதி அதைப் பிரசுரித்தனர். சில தொழில்களில் நடப்புக் கூலி பாதியாகக் குறைந்தது. நாலே நாள் கழித்து, புதிய பஞ்சாங்கப்படி தெர்மிதோர் 9 அன்று, மகாசபை ரோபெஸ்பியரைக் கைது செய்ய ஆணையிட்டது. நகரசபை அவரைக் காக்க வட்டாரங்களை அழைத்தபோது, 48-இல் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே படை அனுப்பியது. வந்தவர்களும் கிரேவ் மைதானத்தில் பீரங்கிகளோடு கட்டளைக்குக் காத்திருந்து, கட்டளை வராமல், நள்ளிரவுக்குப் பின் ஒருவர் இருவராகக் கலைந்து சென்றார்கள். மறுநாள் ரோபெஸ்பியரும் தோழர்களும் வண்டியில் கொலைக்களம் சென்றபோது, வழியோரத்துத் தொழிலாளர் சிலர் உச்சவரம்பைச் சபித்துக் கூவினர். ரொட்டியின் விலையை இறக்கியவர் என்ற நன்றியை, கூலியை இறக்கியவர் என்ற கோபம் விழுங்கிவிட்டது.

5. பிரேரியல்

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1794 டிசம்பர் 24-இல் உச்சவரம்பு முற்றும் நீக்கப்பட்டது. அசிஞா காகிதமாகவே ஆயிற்று. அந்தக் குளிர்காலத்திலே சேன் நதி உறைந்தது. வசந்தத்தில் பாரிஸின் பங்கீட்டு ரொட்டி தலைக்குக் கால் ராத்தலுக்கும் கீழே இறங்கிற்று. 1795 மே 20 அன்று, பிரேரியல் மாதம் முதல் நாள், பெண்கள் முரசறைந்து அணி திரட்டி மகாசபைக்குள் புகுந்தனர். ‘ரொட்டியும் 1793-ஆம் ஆண்டு அரசியற்சட்டமும்’ என்று தொப்பிகளில் எழுதியிருந்தது. பெரோ என்ற பிரதிநிதி கொலையுண்டார். மறுநாள் மாலை புறநகர்ப் படைகள் மகாசபைக்கு எதிரே பீரங்கிகளை நிறுத்தின; சபையின் பீரங்கிப்படையினர் சிலரும் இவர்கள் பக்கம் சாய்ந்தனர். சுட்டிருந்தால் வென்றிருப்பார்கள். சபையிலிருந்து வந்தவர்கள் இனிய மொழி பேசினார்கள், மனுவை வாங்கிக்கொண்டார்கள், தழுவிக்கொண்டார்கள். புறநகரத்தார் பீரங்கிகளை இழுத்துக்கொண்டு வீடு திரும்பிவிட்டார்கள். 23-ஆம் தேதி சேனை சேந்த் அந்துவானைச் சூழ்ந்து ஆயுதங்களைப் பறித்தது. இராணுவக் கமிஷன் 36 பேருக்கு மரண தண்டனை விதித்தது. அந்தப் புறநகர் மறுபடி ஆயுதமெடுத்து ஓர் அரசாங்கத்தை வீழ்த்த 1830 வரை செல்ல வேண்டியிருந்தது.

இந்தத் தோல்வியிலிருந்து பாடம் படித்தவர் பாபேஃப். விலைக்கு வரம்பு கட்டினால் போதாது, தனிச்சொத்தே ஒழியவேண்டும் என்று 1796-இல் அவர் இரகசியமாகத் திட்டமிட்டு, காட்டிக்கொடுக்கப்பட்டு, 1797 மே மாதம் வாந்தோம் நகரில் தலை இழந்தார். அவருடைய திட்டத்தைக் கூர்ந்து பாருங்கள்: விளைந்ததையெல்லாம் ஒரு பொதுக் களஞ்சியத்தில் குவித்து, ஆளுக்குச் சமமாகப் பங்கிடுவது. பண்டம் எவ்வாறு பங்கிடப்படவேண்டும் என்பதே அவருக்கும் முதற்கேள்வி. பட்டறையில் அதைச் செய்பவனுக்கும் செய்விப்பவனுக்கும் உள்ள உறவு அவருடைய சிந்தனையில் பின்னால் நின்றது. அவ்வளவு துணிந்த அறிஞரும் ரொட்டிக் கடை வாசலிலேதான் நின்றார் என்று சொன்னால், அது அவரைக் குறைத்துச் சொன்னதாகாது. பாரிஸ் முழுவதுமே அங்கேதான் நின்றது.

உழைப்பின் விலையை முன்வைத்து ஒரு நகரமே எழுந்த காட்சியைக் காண, பாரிஸை விட்டு லியோனுக்கும், 1831-ஆம் ஆண்டு நவம்பருக்கும் செல்லவேண்டும். அங்கே பட்டு நெசவாளர் கேட்டது நெசவுக்குக் குறைந்தபட்சக் கூலி விகிதம். மாவட்ட அதிகாரியின் முன்னிலையில் அது ஒப்புக்கொள்ளப்பட்டு, வியாபாரிகளில் பலர் அதை மதிக்க மறுத்துவிடவே, நெசவாளர் நகரத்தைச் சில நாட்கள் தம் கையில் வைத்திருந்தனர். அரசாங்கம் சேனையை அனுப்பி நகரத்தை மீட்டு, கூலி விகிதத்தை ரத்துச் செய்தது. லெ ஷாப்பலியேயின் சட்டம் அப்போதும் அமலில் இருந்தது. வேலைநிறுத்தம் குற்றமல்ல என்றாக 1864-ஆம் ஆண்டும், தொழிற்சங்கம் சட்டபூர்வமாக 1884-ஆம் ஆண்டும் வரவேண்டியிருந்தன.